எண்ணெய் போட்ட ஆர்கன்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்தவர்களே, உங்களில் யாருக்காவது இந்த வயதில் ஓர் இடத்தில் நிம்மதியாக உட்கார முடிகிறதா? எனக்கு முடியவில்லை. மூட்டு வலியைச் சொல்லவில்லை, அதற்கு மாத்திரை இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன். டீ போட்டால் குடிக்க மறக்கிறேன். கைப்பையைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் நகத்தளவு கம்பளித் துண்டு ஒன்று. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும், இப்போது கறுப்பு. முகர்ந்து பார்த்தால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த என் அப்பாவின் வாசனை.

நம் ஆலயத்துக் குழல் ஆர்கனுக்குள் இருந்து எடுத்தது அது. ஆர்கனைப் பிரித்துப் போட்ட படங்களை வாட்ஸ்அப்பில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். குழல்களெல்லாம் தரையில் வரிசையாகக் கிடக்க, பின்னால் வெறும் மரக்கூடு நின்றதே, அந்தப் படம். எல்லோரும் கைகூப்பும் பொம்மை அனுப்பினீர்கள். ஒருவராவது என் அத்தையைப் பற்றிக் கேட்பீர்கள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஆர்கன் நமக்கென்று செய்யப்பட்டதல்ல. துரைமார் கும்பிட்ட ஒரு சின்னத் தேவாலயத்தில் இருந்தது. அவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கப்பலேறியதும் அங்கே வாசிக்கவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்று நம் சபைக்குக் கொடுத்துவிட்டார்கள். வேறு சபையாக இருந்தால் தயங்கியிருக்கும். நம்முடையது ரயில்வேக்காரர்களின் சபை. என்ஜினையே கழற்றி மாட்டுகிறவர்களுக்கு இதுவா பெரிது? சாக்கில் சுற்றினார்கள், லோரியில் ஏற்றினார்கள், எது எங்கே என்று சாக்கட்டியால் குறித்து வைத்து மறுபடி பூட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்து சுருதி சேர்த்துவிட்டுப் போனார். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாரே தவிர, என்ன செய்யக் கூடாது என்று சொல்லாமல் போய்விட்டார் அந்தப் புண்ணியவான்.

முன்னால் நின்ற பெரிய குழல்களுக்கு நம் ஆட்கள் வெள்ளிப் பெயின்ட் அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்டேஷன் கம்பங்களுக்கு அடிக்கும் அதே பெயின்ட். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு பூச்சு. பள்ளி விடுமுறையில் நாம் பெஞ்சுக்கு அடியில் ஊர்ந்துபோய் அந்தக் குழல்களைத் தொட்டுவிட்டு, விரலில் ஒட்டிய வெள்ளியை அடுத்தவர் கன்னத்தில் தடவுவோம். காற்று ஊதும் மோட்டார் பின்சுவருக்கு அப்பால் ஒரு அறையில் இருந்தது. ஆலயப் பணியாளர் அங்கே போய் சுவிட்சைப் போட்டதும் முழுக் கட்டடமும் மூச்சை இழுத்துப் பிடிப்பதுபோல் ஒரு சத்தம் வரும். எனக்கு ஜெபத்தைவிட அந்தச் சத்தம்தான் பயபக்தியைக் கொடுத்தது.

எங்கே விட்டேன்? அப்பா.

அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபோர்மேன். சபையில் கமிட்டிச் செயலாளர். அவர் கையில் எப்போதும் நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குவளை ஒன்று இருக்கும். உலகத்தில் அசைகிற எதுவும் அதற்குத் தப்பாது. கதவுக் கீல், சைக்கிள் செயின், அம்மாவின் தையல் மெஷின், என் தம்பியின் தொட்டில் கொக்கி. ஒன்று கிறீச்சிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. “எண்ணெ காட்டாத மெஷினும் சோறு காட்டாத மனுசனும் ஒண்ணுதான்” என்பார். அம்மா விடமாட்டாள். “ஒங்க தங்கச்சி வாய்க்கு மட்டும் எண்ணெ வேணாம். ஏற்கனவே நல்லா ஓடுது.”

அந்தத் தங்கச்சிதான் என் அத்தை. எங்களோடுதான் இருந்தாள். பகலில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் டைப்பிஸ்ட், ஞாயிற்றுக்கிழமை ஆர்கன். கான்வென்ட் சிஸ்டர்களிடம் பியானோ படித்தவள். ஆர்கனுக்கு என்று வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து ஒரு ஜோடி வைத்திருந்தாள். ஆலயத்துக்குப் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொள்வாள். ஏனென்றால் ஆர்கனுக்குக் காலுக்கும் கட்டைகள் உண்டு. புடவைக் கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, அந்த வெள்ளைக் கால்கள் இரண்டும் இடமும் வலமுமாக ஓடுவதை நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். பிரசங்கம் என்ன என்று கேட்டால் தெரியாது.

அந்தக் கால்கள்தான் வினையாகப் போயின. கிள்ளான் பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸராக இருந்த ஒருவர், தம் அம்மாவோடு அத்தையைப் பெண் பார்க்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையில் அத்தை வாசிப்பதைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கேசரி, பக்கோடா எல்லாம் ஆனது. டிரெஸ்ஸரின் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. ஆனா சபைக்கு முதுகக் காட்டிக்கிட்டு, இப்படிக் கால ஆட்டி ஆட்டி வாசிக்கிறது... கல்யாணத்துக்கப்புறம் அது வேணாம்.”

அப்பா வாயைத் திறப்பதற்குள்ளேயே சமையற்கட்டிலிருந்து அத்தையின் குரல் வந்தது. “கை மட்டும் ஆடினாப் போதும்னா ஒரு ஆர்மோனியத்தக் கட்டிக்கச் சொல்லுங்கண்ணே.”

அவ்வளவுதான். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். வேண்டாம் என்று சொன்னது அத்தைதான், நான் காதால் கேட்டேன். ஆனால் குவார்ட்டர்ஸில் பேச்சு அடுத்த தெருவுக்குப் போவதற்குள் மாறிவிடும் அல்லவா? டிரெஸ்ஸர் அவளை வேண்டாம் என்று தள்ளிவிட்டார் என்று ஆகிவிட்டது. அத்தை மறுத்துப் பேசவில்லை. சிரித்துக்கொண்டு பஸ் ஏறி வேலைக்குப் போனாள். பொம்பளைக்கு அவ்வளவு சிரிப்பு வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொன்னார்கள்.

மழைக்காலம் வந்தது. அதே டிரெஸ்ஸருக்கு நம் போதகரின் மகளை நிச்சயம் பண்ணினார்கள். கல்யாணம் நம் ஆலயத்தில். ஆர்கன் வாசிக்க அத்தையை விட்டால் ஆளில்லை. “நீ வாசிக்கணும்னு கட்டாயமில்லம்மா” என்று அப்பா இரண்டு மனதாகச் சொன்னார். “நான் ஏன் வாசிக்கக் கூடாது?” என்றாள் அத்தை. உண்மையில் அவளுக்கு அந்த டிரெஸ்ஸர் ஒரு பொருட்டே இல்லை. கல்யாணத்துக்கு என்று புதிதாக ஒரு நீளமான இசையைப் பழகிக்கொண்டிருந்தாள். டைப்பிங் மேசையில், சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில், என் முதுகில் எல்லாம் விரலால் அதை வாசித்துப் பார்ப்பாள்.

பிரிக்பீல்ட்ஸ் மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றோரம் நனைந்து, சுவர் வியர்த்து, அரிசி டின்னில் வண்டு வைத்து, துவைத்த துணி எல்லாம் நாய் வாடை அடித்தது. ஆர்கனும் கிறீச்சிட ஆரம்பித்தது. கட்டையை அமுக்கும்போது உள்ளே மரத்தோடு மரம் உரசுகிற சத்தம். மெதுவான இடங்களில் பாட்டை மீறிக் கேட்டது. அத்தை சாப்பிடும்போது அதைச் சொன்னாள். அப்பா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பட்டறையிலிருந்து வந்ததும் அவர் காக்கியைக்கூட மாற்றவில்லை. நேராக ஆலயத்துக்குப் போனார். அம்மா என்னிடம் தூக்கில் காப்பி கொடுத்து அனுப்பினாள். நான் போனபோது அவர் ஆர்கனின் பின்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே பாதி உடம்பை நுழைத்திருந்தார். மெல்லிய மரக்குச்சிகள் வரிசை வரிசையாக மேலே போயின. ஒவ்வொரு குச்சியும் நுழைகிற துளையில் ஒரு சிவப்புக் கம்பளி வளையம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு. பொறுமையாக, குழந்தைக்குக் காதுமருந்து விடுவதுபோல. வெளியே வந்தபோது முகமெல்லாம் ஒட்டடை. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அத்தை வேலையிலிருந்து வந்து வாசித்துப் பார்த்தாள். ஒரு கிறீச்சும் இல்லை. “வெண்ணெ மாதிரி போகுதுண்ணே!” என்று கூவினாள். அப்பா வாயைத் திறந்து சிரித்தார். அண்ணன் தங்கை இருவரும் சேர்ந்து சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் நடந்ததில் பாதிப் பேர் இருந்தீர்கள், ஆனாலும் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மணமக்கள் பீடத்துக்கு முன்னால் நின்றார்கள். உறுதிமொழி ஆனது. போதகர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். தாலி கட்டுகிற நேரத்தில் அத்தை மெல்லிதாக வாசிப்பது வழக்கம். வாசித்து முடித்தாள். ஒரு சத்தம் மட்டும் முடியவில்லை.

ஒற்றைச் சுரம். நடுவில் இருக்கிற ஜி. ஒரே சீராக, கூர்மையாக, நிற்காமல். அத்தை அந்தக் கட்டையை விரலால் நெம்பினாள். சத்தத்தை அடைக்கிற பக்கத்துக் குமிழ்களைப் பிடித்துத் தள்ளினாள். மழையில் ஊறிப்போன குமிழ் உள்ளே போக மறுத்தது. சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாப்பிள்ளையின் விரல்கள் தாலி முடிச்சில் தடுமாறின. சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் அத்தை அதைச் செய்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். பாருங்கள், நான் தொடவில்லை, நானில்லை என்று சொல்வதற்காக. எனக்குத் தெரிந்தது, நான் அவள் பக்கத்தில் தரையில் இருந்தேன்.

சபைக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு, கையை உயர்த்திக்கொண்டு, நடக்கட்டும் உங்கள் கல்யாணம் என்று சவால் விடுகிறவளாகத் தெரிந்தாள். முதல் பெஞ்சிலிருந்து அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, “கையக் கீழ போடு” என்றார். அவள் போடவில்லை. மறுபடியும், “கையக் கீழ போடு!” பணியாளர் பின்னால் ஓடி மோட்டாரை நிறுத்தினார். காற்று இறங்க இறங்க அந்தச் சுரம் இழுத்து, நெளிந்து, முனகி அடங்கியது. அந்த முனகலில்தான் தாலியின் கடைசி முடிச்சு விழுந்தது. மணப்பெண் அழுதுவிட்டாள்.

அன்று மாலை கமிட்டி கூடியது. ஆர்கன் பக்கத்திலேயே நின்று பேசினார்கள். மோட்டாரைப் போட்டு அப்பா ஜி கட்டையை அமுக்கினார். சத்தம் வந்தது. எடுத்தார். நின்றது. மறுபடி அமுக்கினார், எடுத்தார். சரியாக வேலை செய்தது.

“ஒட்டிக்கிச்சுண்ணே, மேல வரல” என்றாள் அத்தை.

“எப்படி ஒட்டும்? நேத்துத்தானே எண்ணெ போட்டேன்.”

இதுதான் அவளுக்கு விழுந்த தீர்ப்பு. சுற்றி நின்றவர்கள் எல்லாம் ரயில்வேக்காரர்கள். எண்ணெய் போட்ட பொருள் ஒட்டும் என்று அவர்களில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். எண்ணெய் போடாமல் இருந்திருந்தால் ஆர்கன் மேல் பழி போட்டிருப்பார்கள். எண்ணெய் போட்டதால் அத்தை மேல் போட்டார்கள்.

“கையத் தூக்கிட்டேன்ல, எல்லாரும் பாத்தீங்கல்ல?”

“கை சரி” என்றார் கமிட்டியில் ஒருவர், தரையைப் பார்த்துக்கொண்டு. “கால் எங்க இருந்துச்சு?”

காலால் கட்டையை அமுக்கிக்கொண்டுதான் கையைத் தூக்கிக் காட்டினாள் என்கிறார். அத்தை அப்பாவைப் பார்த்தாள். நீ ஒரு வார்த்தை சொல் என்கிற பார்வை. அப்பா ஆர்கன் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அத்தை சப்பாத்தைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு வெறுங்காலோடு மழையில் இறங்கி நடந்தாள். நான் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

புதுவருடம் பிறப்பதற்குள் கிள்ளான் துறைமுகப் பக்கம் ஒரு ஆபீஸில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் சாவுக்குத்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பியானோவின் பக்கத்தில்கூட அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆர்கனை வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாததால் நம் சபைக்கு ஒரு கால் ஆர்மோனியமும், பிறகு ஒரு கீபோர்டும் வந்தன. பெரிய ஆர்கன் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். அப்பா மட்டும் அதை விடவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்னால் குவளையோடு போவார். பின்பலகையைக் கழற்றி ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு விட்டு வருவார். கடைசி வருடம், படி ஏற முடியாதபோதும் போனார். ஆராதனையில் அதற்காக அவருக்கு நன்றி சொல்வார்கள், நாமெல்லாம் கைதட்டுவோம்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் கொண்டோ அடுக்குமாடி நிற்கிறது. ஆலயத்துக்கு மேலாக மேம்பாலத்தில் ரயில் பறக்கிறது. என் தம்பிதான் இப்போது கமிட்டிச் செயலாளர், அப்பாவின் முகம், அப்பாவின் குரல், அப்பாவின் பிடிவாதம். ஆர்கனைப் புதுப்பிக்கலாம் என்று சபை முடிவெடுத்ததும் அவனே அலைந்து ஒரு ஆளைப் பிடித்தான். கிள்ளான்காரர், சீனர், வெளிநாட்டில் இந்த வேலையைப் படித்தவர். எஸ்டேட் கடைவீதியில் வளர்ந்தவர் என்பதால் தமிழை வெளுத்துக்கட்டுகிறார். வாயும் ஓயாது, கையும் ஓயாது.

பின்பலகையைத் திறந்த அன்று நான் போயிருந்தேன். உள்ளே தலையை விட்டவர் உடனே வெளியே எடுத்தார். “ஆன்டி, கோவிச்சுக்காதீங்க லா. உள்ள யாரு வடை சுட்டா?”

தம்பி பெருமையோடு சொன்னான், எங்கள் அப்பா வருடா வருடம் எண்ணெய் போட்டுப் பாதுகாத்தார் என்று. அவர் சிரிக்கத் தொடங்கி, எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“பாஸ், இதுக்கு எண்ணெ ஆகவே ஆகாது. இரும்புக்குச் சரி. இது மரம், கம்பளி, தோல். கம்பளி எண்ணெயக் குடிச்சு ஊதிக்கும். குச்சி அதுல மாட்டிக்கிட்டா மேல வராது. விரல எடுத்தாலும் காத்து போய்க்கிட்டே இருக்கும், சத்தம் நிக்காது. முதல் நாள் நல்லாத்தான் போகும், பட்டு மாதிரி இருக்கும். அடுத்த நாள் ஊறினப்புறம் தான் வேலயக் காட்டும். கொஞ்ச நேரம் கழிச்சு தானா விட்டுடும், அப்புறம் திரும்பப் பிடிக்கும். பேய் பிடிச்ச மாதிரி.”

“நடுவில இருக்கிற ஜி எது?” என்று கேட்டேன். காட்டினார். அதன் துளையிலிருந்து கம்பளி வளையத்தைக் குறட்டால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். அந்தத் துண்டுதான் என் பைக்குள் இருப்பது. அன்று மாலையே கால்கட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு ஜோடிச் சப்பாத்தும் கிடைத்தது. வெள்ளை என்று சொன்னால்தான் வெள்ளை.

அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா என்று யோசித்து யோசித்துத்தான் நான் உட்கார முடியாமல் அலைகிறேன். தெரிந்திருக்காது. தெரிந்தவர் அப்படி வருடா வருடம் குவளையைத் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டார். தங்கையை அனுப்பிவிட்டு, அவள் இடத்தை அவ்வளவு அன்பாகக் கெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் கோபமாக வருகிறது, அடுத்த நிமிடம் அழுகை வருகிறது, இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

தம்பியிடம் சொன்னேன்: ஆர்கனை மறுபடி பிரதிஷ்டை செய்கிற ஞாயிறன்று அத்தை மேல் தப்பில்லை என்று சபைக்குச் சொல்ல வேண்டும். அவன் ஏற்கனவே ஒரு பித்தளைப் பலகை செய்யக் கொடுத்திருந்தான். இந்த ஆர்கனைப் பேணிக் காத்தவர் என்று அப்பாவின் பெயர் போட்டு.

“அக்கா, அப்பா செத்து எத்தனையோ வருசமாச்சு. இப்பப் போயி அவர் தலயில எண்ணெய ஊத்தணுமா?”

“அத்த உயிரோட இருக்காங்கடா.”

“அவங்களுக்கே மறந்திருக்கும். விடுங்கக்கா, ப்ளீஸ் லா.”

விடவில்லை. கேஎல் சென்ட்ரலில் கோமுட்டர் ரயில் ஏறினேன். கிள்ளான் போகிற வரை உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனேன். அத்தை அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். காது நன்றாகக் கேட்கிறது, முழங்கால்தான் சொன்னபடி கேட்பதில்லை. சப்பாத்தைக் கையில் கொடுத்தேன். “இது என்னுதா? இம்மாம் சின்னக் காலா எனக்கு?” என்றாள். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பளித் துண்டைக் காட்டினேன்.

அதை முகர்ந்து பார்த்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

“நான் வேற என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமாடி? என் கால்தான் தெரியாம பட்டுடுச்சோன்னு. அவங்க சொல்லிச் சொல்லி, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. படுத்தா கால மடக்கி மடக்கிப் பாப்பேன். எங்க வச்சிருந்தேன், எங்க வச்சிருந்தேன்னு.”

ஊர் சந்தேகப்பட்டது தெரியும். அவளே அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இத்தனை காலம் கிடந்தாள் என்பது தெரியாது. பக்கத்துக் கட்டில்காரரின் போனில் ஒரு மலாய்த் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை துண்டை உறைக்குள் போட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“பிரதிஷ்டைக்கு எல்லாம் நான் வரல. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள், ஆள் இல்லாதப்போ கூட்டிட்டுப் போ.”

பிரதிஷ்டைக்கு முந்தின நாள் மத்தியானம் கூட்டிப்போனேன். கிராப் டாக்ஸி டிரைவர் பெட்டாலிங் ஜெயா நெரிசலில் மாட்டிக்கொண்டு முனகியபோது அத்தை மடியில் விரல்களை வைத்து ஏதோ வாசித்துக்கொண்டு வந்தாள். ஆலயத்தில் சீனர் கடைசிக் குழல்களுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிப் பெயின்ட் எல்லாம் சுரண்டி எடுத்திருந்தார்கள், குழல்கள் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தன. தம்பி ஏணியில் நின்று பித்தளைப் பலகையைச் சுவரில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தான். அத்தையைக் கண்டதும் அவசரமாக இறங்கிப் பலகையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“காட்டுடா.”

காட்டினான். அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள். “அண்ணன் பேரு இருக்கட்டும். எண்ணெ போட்டாருன்னும் சேத்து எழுது.”

சீனர் குபீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி சிரிக்கவில்லை, தலையை ஆட்டினான். நாங்கள் மூவருமாக அவளைத் தாங்கிப் பிடித்து ஆர்கன் பெஞ்சில் உட்கார வைத்தோம். இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

“அடியே, இங்க வா. என் கால் ரெண்டையும் பிடிச்சுக்கோ. கட்டையில படாமத் தூக்கிப் பிடி.”

இந்த முழங்காலோடு நான் தரையில் உட்கார்ந்தேன். சின்ன வயதில் உட்கார்ந்த அதே இடம். அவள் கால்கள் இரண்டையும் உள்ளங்கையில் ஏந்தினேன். வீங்கி, சில்லிட்டு, கனமாக இருந்தன. கட்டைகளுக்கு மேலே அவை தொங்கின.

“எல்லாரும் பாருங்க. கால் எங்க இருக்கு?”

“என் கையில இருக்கு அத்த” என்றேன்.

சீனர் தாம் நிறுத்தியிருந்த மோட்டாரை மறுபடி போட்டார். கட்டடம் மூச்சிழுத்தது. கீழே இருந்து எனக்கு அவள் கை தெரியவில்லை. ஜி மட்டும் கேட்டது. அதே சுரம். ஒரே சீராக, கூர்மையாக. அவள் கால்களை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஏணிப்பக்கம் தம்பி அசையாமல் நிற்பது தெரிந்தது.

சத்தம் நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். அத்தை இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தாள். வெளியே ரயில் ஒன்று போனது, அதுவும் ஓய்ந்தது. ஆலயத்தில் வேறு சத்தமே இல்லை. அவள் கைகளை இறக்கவில்லை. அந்தக் கல்யாணத்தன்று தம்பி அம்மா மடியில் கைக்குழந்தை. அவனுக்கு என்ன தெரியும்? பாவம், கை வலிக்குமே என்று பதறிப்போய், அப்பாவின் குரலில், மெதுவாகச் சொன்னான்.

“அத்த, கையக் கீழ போடுங்க.”

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

“இருடா. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”

நான் காலை விடவில்லை.